பாதுகாப்புக்காக நாலு டயர்

எதிர் வீட்டுப் பல் டாக்டரை முந்தாமல் இந்தப் பிறவியை முடிப்பதில்லை என்று தீர்மானம் செய்துவிட்டேன்.

என்னிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. அவரிடம் நீலம். இரண்டிலும் இரண்டு பேர்தான் உட்காரலாம். இரண்டுமே செகண்ட் ஹேண்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் என் காரைத் துடைப்பேன், அவர் தன் காரைத் துடைப்பார். நடுவில் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொள்வோம். அவர் சிரித்தால் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும். தொழில் விளம்பரம்!

ஊருக்கு வெளியே ஒரு கார் ரேஸ் டிராக் உண்டு. ரேஸ் இல்லாத சில ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஆசை தீர ஓட்டலாம். அதற்கு 'டிராக் டே' என்று பெயர். டாக்டர் ஒரு தடவை போய் வந்தார். அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை.

"நீங்களும் வாங்க சார். மெதுவா ஓட்டறவங்களுக்கும் இடம் இருக்கு" என்றார் ஒரு நாள்.

அந்த 'மெதுவா' எனக்குச் சுருக்கென்று தைத்தது. "அடுத்த டிராக் டேல உங்களை முந்திக் காட்டறேன், பாருங்க!" என்று கத்திவிட்டேன். பாதித் தெருவுக்குக் கேட்டிருக்கும். நல்லவேளை, என் மனைவி உள்ளே மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டின் பெரிய காரை ஓட்டுகிறவள் அவள்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, என்னை ஆபீசில் இறக்கி, தன் ஆபீசுக்குப் போய், திரும்பும் வழியில் கடைக்கும் போய் வருவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக்! பிரேக்! உனக்கு வண்டி ஓட்டவே தெரியல!" என்று சொல்லிக்கொண்டு வருவேன். விருந்தாளிகள் வந்தால் அவர்களிடமும் இதை ஒரு நகைச்சுவையாகச் சொல்வேன். அவள் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. ஒத்துக்கொள்கிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிவப்புக் காரை மட்டும் நான்தான் ஓட்டுவேன். ஓட்டுவேன் என்றால், துடைப்பேன். ஒருமுறை கொஞ்சம் உற்சாகமாகக் கிளப்பி, எங்கள் வீட்டு கேட்டையே கழற்றிக்கொண்டு போய்விட்டேன். அதற்கப்புறம் வீட்டில் வேகம் என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியாது. ஆகவே, டிராக் டே விஷயம் அவளுக்குத் தெரியாமல்தான் நடக்க வேண்டும்.

எனக்கு அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துப் பிரிவில் இருக்கிறேன். இடித்துவிட்டு வருகிறவர்கள் அளக்கும் கதையெல்லாம் கேட்பதுதான் என் உத்தியோகம். எப்படிப் பொய் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள் என்பது எனக்கு அத்துப்படி.

முதல் வேலை டயர். ஒட்டிப் பிடிக்கிற நல்ல டயர் இல்லாமல் டிராக்கில் டாக்டரை முந்த முடியாது.

"ஏம்மா, சின்னக் காருக்கு டயர் மாத்தணும். தேஞ்சு போச்சு."

"தேஞ்சு போச்சா? அது வீட்டை விட்டே போறதில்லையே. நீங்க துடைச்சுத் துடைச்சே தேஞ்சிடுச்சா?"

"நின்னுக்கிட்டே இருந்தா ரப்பர் இறுகிடும். பிரேக் போட்டா நிக்காது. எல்லாம் ஒரு பாதுகாப்புக்குத்தான் சொல்றேன்."

"பாதுகாப்புக்குன்னா மாத்த வேண்டியதுதான். நானும் வரேன்."

வராதே என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

டயர்க்கடைக்காரரிடம் முன்கூட்டியே போனில் பேசி வைத்திருந்தேன். வீட்டம்மா இருக்கும்போது 'டிராக்' என்ற வார்த்தை வரவே கூடாது. அவரும், "கவலையே படாதீங்க சார், எனக்கும் கல்யாணம் ஆயிடுச்சு" என்றார்.

கடையில் மூன்று விதமான டயர்களைச் சுவரில் சாய்த்து வைத்துக் காட்டினார். முதலாவது ஊருக்குள் ஓட்டுவதற்கு. கெட்டி ரப்பர், வெகுநாள் உழைக்கும். இரண்டாவது கொஞ்சம் வேகப் பிரியர்களுக்கு. மூன்றாவதைப் பார்த்ததும் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. டிராக்கில் ஓட்டுவதற்கென்றே செய்தது. நகத்தால் அழுத்தினால் பதிந்தது. சூடேறிவிட்டால் பசை போட்டதுபோல் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். சீக்கிரம் தேய்ந்துவிடும், மழையில் காலை வாரிவிடும், அது வேறு விஷயம்.

மனைவி குனிந்து பார்த்தாள். "என்னங்க இது, இதுல கோடே காணோம். வழுக்கையா இருக்கு?"

"கோடு குறைஞ்சா ரப்பர் நிறைய ரோட்டுல படும். நிறையப் பட்டா பிடிப்பு அதிகம். பிடிப்பு அதிகம்னா பாதுகாப்பு அதிகம்!"

"அப்ப நம்ம பெரிய காருக்கும் இதையே போட்டுடலாமே. பிள்ளைங்க போற வண்டியாச்சே."

கடைக்காரருக்குப் புரை ஏறியது. "அந்தக் காருக்கு இந்த சைஸ் வராது மேடம்."

"சரிதான். பாதுகாப்பு இவருக்கு மட்டும்தான் சைஸ் வருது."

நான் அவசரமாக மூன்றாவது டயரையே போடச் சொல்லிவிட்டேன். ஒரு மெஷின் பழைய டயரை வாழைப்பழத் தோல்போல் உரித்தது. இன்னொரு மெஷின் புது டயரைச் சுழற்றி எடை எல்லாப் பக்கமும் சமமா என்று பார்த்தது. நான் கடைக்காரர் தோளில் கை போட்டுத் தள்ளிக் கொண்டுபோய், டாக்டரின் நீலக் காரைப் பற்றிக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தேன். அவரும் வேலையை வேலையாள் கையில் விட்டுவிட்டு வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க! இங்க வாங்க!"

ஓடினோம்.

"டயர்ல அம்புக்குறி போட்டிருக்கே, அது எதுக்கு?"

"சக்கரம் எந்தப் பக்கம் சுத்தணும்னு காட்டறது மேடம்" என்றார் கடைக்காரர்.

"இந்தப் பக்கம் முன்னாடி காட்டுது. அந்தப் பக்கம் பின்னாடி காட்டுது. பாதிக் கார் கிளம்பினதும் மீதிக் கார் வீட்டுக்குத் திரும்பி வந்துடுமா?"

கடைக்காரர் பதறிப்போய்ச் சக்கரங்களைக் கழற்றச் சொன்னார். பதற்றத்தில் நாக்கும் கழன்றுகொண்டது. "நல்லவேளை மேடம் பாத்தீங்க! இதோட சார் ஞாயித்துக்கிழமை டிராக்ல இறங்கியிருந்தார்னா..."

நான் கண்ணால் எரித்தேன். அவர் சாம்பலாகவில்லை.

"டிராக்லயா? எந்த டிராக்?" என்றாள் மனைவி.

இந்த மாதிரி சமயங்களில்தான் அனுபவம் கைகொடுக்கும். "அதும்மா, பாதுகாப்பு ஓட்டுநர் பயிற்சி முகாம்! ரேஸ் டிராக்லதான் இடம் குடுத்திருக்காங்க. நிதானமா எப்படி ஓட்டறது, எப்படி பிரேக் போடறதுன்னு சொல்லிக் குடுப்பாங்க."

"யாருக்கு?"

"சரியா ஓட்டத் தெரியாதவங்களுக்கு" என்றேன்.

"ஓ!" என்றாள். நம்பிவிட்டாள் என்று எனக்கு உள்ளுக்குள் கும்மாளம்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "அந்த முகாமுக்கு நான் போறேங்க."

"நீயா? நீ எதுக்கும்மா?"

"எனக்குத்தானே வண்டி ஓட்டவே தெரியல? தினமும் சொல்றீங்க. உங்க அக்கா வந்திருந்தப்பகூடச் சொன்னீங்க. நீங்கதான் நல்லா ஓட்டறவராச்சே, உங்களுக்குப் பயிற்சி எதுக்கு?"

எனக்குப் பயிற்சி வேண்டும் என்றால், எனக்கு ஓட்டத் தெரியாது என்று ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபக்கம் தாவினேன்.

"சேச்சே! அதெல்லாம் சும்மா கிண்டலுக்குச் சொல்றது. நிஜத்துல நீ ரொம்ப நல்லா ஓட்டறே. உன்னை மாதிரி யாரு ஓட்டறா?"

"நிஜமாவா?"

"சத்தியமா!"

"அப்ப பயமே இல்லை. நல்லா ஓட்டறவங்க தைரியமா டிராக்ல போகலாம். நானே போறேன்."

"அங்க பொம்பளைங்களை விடமாட்டாங்க" என்றேன், கடைசி முயற்சியாக.

அவள் அங்கேயே டிராக் ஆபீசுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் பேசியது ஒரு அம்மா. அவர்தான் அங்கே பயிற்சியாளராம். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

போனை வைத்துவிட்டு, "உங்க பேரையும் குடுத்திருக்கேன். நான் காலைல, நீங்க மத்தியானம். எனக்கு மட்டும் ஆசைப்பட்டுட்டு உங்களை விட்டுடுவேனா?" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவளிடம் போய்ப் பொய் சொன்னோமே என்று வெட்கமாக இருந்தது. மத்தியானம் டாக்டரை முந்திவிடலாம் என்று சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் ஜாஸ்தி.

அந்தச் சந்தோஷத்தில் அவளுக்கு எல்லாவற்றையும் நானே சொல்லிக்கொடுத்தேன். புது டயரை எடுத்ததும் விரட்டக் கூடாது, கொஞ்ச நாள் பதமாக ஓட்டிப் பழக்க வேண்டும். டிராக்கில் முதல் சுற்று மெதுவாகப் போய் டயரைச் சூடேற்ற வேண்டும். சூட்டில் காற்று பெருகும், அதனால் முதலிலேயே கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும். வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிட வேண்டும். அவள் காய் நறுக்கிக்கொண்டே "ம்", "ம்" என்று கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. அந்த வாரம் முழுக்கச் சிவப்புக் காரில் தன் ஆபீசுக்குப் போய்வந்து டயரைப் பழக்கினாள். நான் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டிராக் ஓரமாக வரிசையாக ஷெட்டுகள். டாக்டர் பளபளவென்று நீலக் காரோடு நின்றார். நான் எனக்காக வாங்கி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஹெல்மெட்டை மனைவி மாட்டிக்கொண்டாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று நான் கேட்கவில்லை.

"என்ன சார், நீங்க ஓட்டலையா?" என்றார் டாக்டர், எல்லாப் பல்லும் தெரிய.

"மத்தியானம் இருக்கு உங்களுக்கு!" என்றேன்.

முதல் சுற்று மெதுவாகப் போனாள், நான் சொன்னபடி. இரண்டாவது சுற்றில் கொஞ்சம் வேகம். அதற்கப்புறம் எனக்குச் சரியாகப் பார்க்க முடியவில்லை. சிவப்பாக ஏதோ ஒன்று வளைவுக்கு முன் மூக்கை அமுக்கியது, ரோட்டை இறுகப் பிடித்துக்கொண்டு திரும்பியது, நீலக் காரின் உள்பக்கமாகப் புகுந்து போய்க்கொண்டே இருந்தது.

நான் துள்ளிக் குதித்துக் கை தட்டினேன். தட்டிய பிறகுதான், டாக்டரை முந்தியது நான் இல்லை என்பது உறைத்தது. பெருமை ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நின்றேன்.

டாக்டர் காரை நிறுத்திவிட்டு வந்தார். வாய் மூடியே இருந்தது. "வீட்டம்மாவா ஓட்டறாங்க? அவங்களுக்கு ஓட்டவே தெரியாதுன்னு சொல்வீங்களே சார்?"

மத்தியானம் வந்தது. என் நேரம். கையுறை மாட்டிக்கொண்டு மனைவியிடம் போனேன்.

"சாவியைக் குடும்மா."

"சாவி எதுக்கு? அதோ, அந்தக் கடைசி ஷெட்டுக்குப் போங்க. ஆரம்பிக்கப் போறாங்க."

"என்ன ஆரம்பிக்கப் போறாங்க?"

"நீங்க சொன்ன முகாம்தான். பாதுகாப்பு ஓட்டுநர் பயிற்சி. நீங்க சும்மா சொல்றீங்களோன்னு நினைச்சேன், நிஜமாவே நடத்தறாங்க! வகுப்பு மட்டும்தானாம், கார் வேண்டாமாம். இன்சூரன்ஸ்காரரே வந்து கத்துக்கறாரான்னு அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம்."

"அப்ப மத்தியானம் டிராக்ல?"

"டயர் இன்னும் மிச்சம் இருக்கே. வீணாகக் கூடாதில்ல?" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

கடைசி ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அப்போதுதான் லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகளுக்கு நடுவே கையுறையோடு போய் உட்கார்ந்தேன். ஆளுக்கொரு பேனாவும் பேப்பரும் கொடுத்தார்கள். பயிற்சியாளர் அம்மா போர்டில் ஒரு வளைவு வரைந்தார். பிறகு வெளியே சத்தம் கேட்டு, ஜன்னலை அகலத் திறந்தார்.

"எல்லாரும் இங்க பாருங்க. அந்தச் சிவப்பு வண்டி தெரியுதா? எங்க பிரேக் போடறாங்க, எங்க விடறாங்கன்னு கவனிங்க. வண்டின்னா இப்படி ஓட்டணும். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன்.