கத்தரிக்கோல் டீச்சரின் சொல் பெரட்டு

நமுனுகுல மலையில் அச்சடித்த தாள் எதுவும் கத்தரிக்கோல் டீச்சரிடமிருந்து தப்பியதில்லை. கோயில் நோட்டீஸ், பிஸ்கட் பெட்டி, ஸ்டாஃப் ரூம் கலண்டர் எல்லாம் துண்டு துண்டாகும். எங்கள் பாடசாலை அதிபரின் மகள் கல்யாணப் பத்திரிகையையும் வெட்டிவிட்டார். முகூர்த்த நேரம் தெரியாமல் ஆசிரியர்கள் நாங்கள் எல்லோரும் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

எல்லாம் மூன்றாம் வகுப்புக் கவிதாவுக்காக. பிள்ளைக்குக் காது நன்றாகக் கேட்கும், கெட்டிக்காரியும்கூட. ஆனால் இரண்டு சொல் சேர்த்துப் பேச வராது. நீளமான சொல்லைக் கண்டால் புத்தகத்தை மூடிவிடுவாள். மொழி வளர்ச்சியில் குறைபாடு என்று பதுளையில் டாக்டர் சொல்லியிருந்தார்.

"கடைசி வாங்குல உட்கார்ந்து படம் வரையட்டும் டீச்சர்," என்றார் அதிபர்.

"மாட்டேன் சேர். தேயிலை காடா வளர்ந்தா கவ்வாத்து வெட்டுறோம்ல? சொல்லையும் வெட்டிக் குடுத்தா புள்ள புடிச்சுக்கும்."

'மாட்டேன்' அவர் வாயில் அவ்வளவு சுலபமாக வரும்.

வெட்டியதோடு விட்டாரா? தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிப்பார்களே, பெரட்டு, அதையே மைதானத்தில் நடத்தினார். பிள்ளைகள் கழுத்தில் சொல்துண்டு ஒட்டிய அட்டை மட்டைகள் தொங்கும். 'மலை' முன்னே நிற்க, 'யில்' ஓடிவந்து பின்னால் ஒட்டிக்கொள்ளும். கவிதாதான் கங்காணி. குச்சியோடு ஒவ்வொருவரையும் இழுத்து நிறுத்தி வாசிப்பாள். ஆள் போதாமல் டீச்சரும் ஒரு மட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார். அதில் 'மாட்டேன்' என்று எழுதியிருக்கும். வேறென்ன எழுதுவார்?

கல்வி அதிகாரி வருகிற நாளும் வந்தது.

"அந்தப் புள்ளைய இன்னைக்கு வீட்டுக்குப் போகச் சொல்லுங்க," என்று கவிதாவின் காதுபடவே சொன்னார் அதிபர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சர் நேரே போய்ப் பெரட்டுக்கு மணியடித்தார்.

அதிகாரி குடையோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். "எங்க, நீயா ஒரு சொல்லு சேர்த்துக் காட்டும்மா," என்றார்.

கவிதா வரிசையை மேலும் கீழும் பார்த்தாள். 'போக' மட்டை போட்டிருந்த பிள்ளையை முன்னால் இழுத்தாள். பிறகு டீச்சரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பின்னால் நிறுத்தினாள். குச்சியால் இரண்டு மட்டையையும் தொட்டு, அதிபரைப் பார்த்து வாசித்தாள்.

"போக... மாட்டேன்."

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியவர் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசி வாங்குப் பேச்சு அதன் பிறகு எழவில்லை. இப்போதெல்லாம் டீச்சர் வெட்டுவதற்கு முன்பே கோயில் நோட்டீஸைக் கவிதா வாசித்துவிடுகிறாள்.

போன மாதம் பதுளை டவுன் பாடசாலைக்கு எனக்கு மாற்றம் தருவதாகச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அந்த மனுஷி இல்லாத ஸ்டாஃப் ரூமில், ஓட்டை இல்லாத கலண்டரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?