தோல் சோபாவும் தீராத குளியலும்

என் வீட்டில் எனக்கென்று ஓர் இடம் வேண்டும். நாற்பத்தைந்தாம் வருஷம் புரட்டாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது இந்தத் தீர்மானத்துக்கு வந்தேன். உலக யுத்தமே முடிந்துவிட்டது. ஜெயித்தவர்கள் நாடு நாடாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாடெல்லாம் வேண்டாம். உட்கார இரண்டடி போதும்.

திருத்தணி தாலுகா ஆபீஸில் நான் குமாஸ்தா. பெயர் துளசிங்கம். ஆபீஸில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. ஒரு கால் ஆடும்; ஆனாலும் என்னுடையது. வீட்டில் அதுவும் கிடையாது. ஊஞ்சலில் உட்கார்ந்தால், "அப்பளம் காயப் போடணும், எழுந்திருங்க" என்பாள் என் மனைவி வள்ளியம்மாள். பாயில் உட்கார்ந்தால் அவள் பெருக்க வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் அவளுக்குக் காற்று வரவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். நான் குடித்தனம் செய்ததைவிட இடம் மாறியதுதான் அதிகம்.

அந்தச் சமயத்தில் அரக்கோணத்து ரயில்வே துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பினார். அவருடைய பங்களாச் சாமான்களில் ஒரு சோபாவை நான் பிடித்துவிட்டேன். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். தேக்குச் சட்டம். மேல் உறை மட்டும் கந்தல். ஸ்பிரிங்கு ஒன்று வெளியே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டு வண்டியில் ஏற்றிவந்து கூடத்தில் இறக்கினேன்.

வள்ளியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி வந்தாள்.

"பூப்போட்ட துணி போட்டுடலாங்க. எங்க நைனா வூட்டுல இருக்கறாப்பல."

"தோல்," என்றேன்.

"தோலா? வெயில் காலத்துல சுடுமே. வேர்த்தா முதுகுல ஒட்டிக்கும்."

"துணியில காபி கொட்டினா கறை. தோலைத் துடைச்சா போச்சு."

"மழை பேஞ்சா தோலு பூஞ்சை பூக்கும்."

"துணியில மூட்டைப்பூச்சி குடி வரும்."

"தோலு வெடிக்கும்."

"துணி கிழியும்!"

கடைசியாக என் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "வள்ளி, துணி இப்ப கண்ட்ரோல். கூப்பன் எழுதற குமாஸ்தாவே நான். ஊர் ஜனம் நாலு முழ வேட்டிக்கு வரிசையில நிக்குது. நம்ம வீட்டுல சோபா மட்டும் புடவை கட்டிகினு உக்காந்திருந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அது சரிங்க. ஆனா வருஷா வருஷம் மலைக்குக் காவடி எடுக்கற வூடு. இதுல மாட்டுத் தோலா?"

"கோயில் மத்தளம் தோல் இல்லையா?"

"மத்தளம் மேலே யாராச்சும் உக்காருவாங்களா?"

"சிவபெருமானே புலித்தோல் மேலேதானே உக்காந்திருக்கார்!"

"அவருக்குத் தலையிலேயே கங்கை இருக்குது. உக்காந்துகினே குளிச்சிடுறாரு. உங்களுக்கு அப்பிடியா? கெணத்தடிக்கு இல்ல போவணும்?" என்றவள், சட்டென்று, "ஆங், சரிங்க. தோலே போட்டுக்குங்க. தோலு மேலே உக்காந்து எழுந்தவங்க குளிச்சிட்டுத்தான் சமையக்கட்டுப் பக்கம் வரணும். அவ்வளவுதான்" என்றாள்.

ஒத்துக்கொண்டுவிட்டாள்! பன்னிரண்டு வருஷத்தில் வள்ளியம்மாள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. அவள் சண்டை போட்டால் எனக்குத் தூக்கம் வரும். சரி என்றால் வராது.

முக்தார் அகமது கடையில் நல்ல தோலாகப் பார்த்து வாங்கினேன். மெத்தை தைக்கும் தஸ்தகீர் பாயிடம் கொடுத்தேன். ரயிலில் முதல் வகுப்பு மெத்தைகளைத் தைத்துப் பழகிய கை அது. நான் ஆபீஸ் போன பிறகு வந்து, நான் திரும்புவதற்குள் போய்விடுவார். அந்த வாரம் எனக்குச் சோதனை வாரம். கிருத்திகைக்கு மலை ஏறிவிட்டு இறங்கினால், அடிவாரத்தில் விட்ட என் பழைய செருப்பைக் காணோம். "எவனோ மாத்திப் போட்டுகினு பூட்டான், உடுங்க" என்று எனக்கு முன்னாலேயே இறங்கி வந்திருந்த வள்ளியம்மாள்தான் தேற்றினாள்.

சோபா தயாரான அன்று பாயையும் இருக்கச் சொல்லியிருந்தேன். கரும்பழுப்பு. பளபளவென்று இருந்தது. குனிந்து மோந்து பார்த்தேன்.

"அசல் தோல், பாய்! வாசனையே சொல்லுதே!"

தஸ்தகீர் பாய்க்குத் திடீரென்று இருமல் வந்தது. "உங்க மூக்குக்கு எதிர்ல நான் என்னா சார் சொல்றது?" என்றார்.

"வலது கோடிதான் உங்க இடம். பாய்கிட்ட சொல்லி அங்க மட்டும் மெத்துன்னு வெக்கச் சொன்னேன்," என்றாள் வள்ளியம்மாள். உட்கார்ந்தேன். என் இடம்! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கால் மணி நேரம் கலங்கியிருக்கும். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"காபி ஆறுதுங்க!"

"இங்கே கொண்டாயேன்!"

"தோலு மேலே இருக்கறவங்களைத் தொட்டுட்டு நானும் குளிக்கறதா? நீங்க குளிச்சிட்டு வாங்க!"

குளித்தேன். காபி குடித்தேன். சோபாவுக்குத் திரும்பினேன். "இலை போட்டாச்சுங்க!" குளித்தேன். சாப்பிட்டேன். உட்கார்ந்தேன். "உத்தரத்து மேலே இருக்கற புளிப் பானைய இறக்கிக் குடுங்களேன்!" குளித்தேன். ஐப்பசி மழை வேறு. ஊரார் தீபாவளிக்கு ஒரு கங்கா ஸ்நானம் செய்தார்கள், நான் நாலு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு. தும்மல் பிடித்தது. சோபாவின் தோல் அப்படியே இருந்தது. என் தோல்தான் உரிந்தது. தமிழில் தோலுக்குப் பக்கத்தில் தோல்வியையும் துணிக்குப் பக்கத்தில் துணிவையும் வைத்தவன் நிச்சயம் கல்யாணமானவனாகத்தான் இருப்பான்.

மெல்ல மெல்ல நான் சோபாவில் உட்காருவதையே விட்டேன். எதிரே நின்றுகொண்டு அதைப் பார்ப்பேன். துக்கமாக இருக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து அதைத் தடவிப் பார்த்தேன். இடது பக்கம் சூடாக இருந்தது! இடுக்கில் ஒரு கனகாம்பரப் பூ.

"வள்ளி, இதுல யார் உக்காந்தது?"

"பூனைங்க."

"பூனை பூ வெச்சிக்குமா?"

"நம்ம வூட்டுப் பூனை வெச்சிக்கும்."

பூவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. குளிக்காமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டுச் சமையற்கட்டுக்குப் போகிறாள்! கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் அவள் சட்டம் அன்றோடு செத்தது. என் இடம் எனக்கு.

மறுநாள் தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். சந்தேகமே இல்லை. இடது கோடியில் வள்ளியம்மாள், நடுவில் எதிர்வீட்டுத் தாயாரம்மாள். காலை மடக்கிக்கொண்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். வலது கோடி காலியாக இருந்தது.

"பிடிச்சிட்டேன்!" என்று கத்தினேன்.

"நான் வரேன்டி வள்ளி," என்று தாயாரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போனாள்.

"குளிச்சியா? தோல் மேலே உக்காந்துகினு இருந்தியே, குளிச்சியா?"

"எது தோலு?" என்றாள் அவள், வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே. "பாயைக் கேட்டுகினு வாங்க."

கடைத்தெருவுக்கு ஓடினேன். தஸ்தகீர் பாய் என்னைக் கண்டதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"கோவிச்சிக்காதீங்க சார். அது தோலு மாதிரியே பளபளன்னு இருக்கற மெழுகுத்துணி. உங்க தோலு அன்னிக்கே முக்தார் பாய் கடைக்கே திரும்பிப் போயிடுச்சு. அம்மா உத்தரவு."

"துணியா! துணிக்குக் கூப்பன்?"

"மெழுகுத்துணிக்குக் கூப்பன் இல்லீங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா சார்?"

"அப்போ அந்தத் தோல் வாசனை?"

பாய்க்கு மறுபடியும் இருமல் வந்தது. "அத மட்டும் அம்மாவையே கேட்டுக்குங்க. என் வாயால வேணாம்."

நான் திரும்பி ஓடிவந்த வேகத்தில் மலையே ஏறியிருக்கலாம். எனக்குக் கோபம். ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரே ஆனந்தம். துணிதானே! இனிமேல் குளியல் இல்லை. நேராகப் போய் வலது கோடியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"இது துணி! இனிமே நான் குளிக்க மாட்டேன்! ஏமாத்தினியே, வள்ளி!"

"நான் எப்பங்க இதைத் தோலுன்னு சொன்னேன்? தோலு மேலே உக்காந்தா குளிக்கணும்னேன். நீங்க மோந்து பாத்துட்டு அசல் தோலுன்னீங்க. புருஷன் சொல்லை மீறலாமா?"

"அந்த வாசனை எப்படி வந்துது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். "கிருத்திகைக்குக் காணாமப் பூடுச்சே உங்க செருப்பு... அது உங்களுக்குக் கீழேதாங்க இருக்குது. உள்ளே வெச்சுத் தெச்சாச்சு."

உட்கார்ந்தபடியே கீழே மெத்தையைத் தடவிப் பார்த்தேன்.

"மூஞ்சிய ஏன் அப்பிடி வெச்சிக்கிறீங்க? பரதன் ராமரு பாதுகையச் சிம்மாசனத்துல வெச்சு நாட்டை ஆளலியா? அதே மாதிரி உங்க பாதுகைய வெச்சு நான் வூட்டை ஆண்டுகினு இருக்கேன்."

ராமர்! ஒரு கணம் எனக்கே பெருமையாகிவிட்டது. நிமிர்ந்து சாய்ந்துகொண்டேன். "அது வாஸ்தவம்தான். சரி, ஒரு காபி கொண்டா."

"ராமரு பாதுகை மேலே உக்காரலீங்களே," என்றாள் வள்ளியம்மாள். "தோலுக்கு ஒரு முழுக்குப் போதும். செருப்புக்கு ரெண்டு. போயி குளிச்சிட்டு வாங்க."

முருகனுக்கே கோபம் தணிந்த ஊர் இது. எனக்குக் கிணற்றடியில், இரண்டாவது முழுக்கில் தணிந்தது.