ஓர் எழுத்தும் மூன்று நட்சத்திரங்களும்

ஏழு மலை, ஏழு கடல் எதையும் தாண்டத் தேவையில்லாத தொலைவில் திரைநாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே மன்னரை மக்களே தேர்ந்தெடுப்பார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை, தவறாமல், அதே மன்னரை.

ஒருநாள் காலையில் கோட்டைச் சுவரில் யாரோ கரிக்கட்டியால் எழுதியிருந்தார்கள்: அரசுக் கல்குவாரி உண்மையில் யாருடையது என்று, பெயரோடு. அது அரசியாரின் தம்பியின் பெயர். மாலைக்குள் முரசு அறைந்தார்கள்.

"பெயர் என்பது மனிதனின் மானம். மானத்தை ஆடையின்றித் தெருவில் நிறுத்தலாகாது. இனி எழுத்திலோ பேச்சிலோ எந்தப் பெயரும் பொதுவில் முழுதாக வரக்கூடாது. முதல் எழுத்து மட்டும் தெரியலாம். மற்ற ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நட்சத்திரம்."

குடிமக்களின் அந்தரங்கத்தைக் காக்க எந்த நாடும் இப்படிச் செய்ததில்லை என்று சபையில் மேசையைத் தட்டினார்கள். ஊர் வம்பு குறையும் என்று மக்களும் மகிழ்ந்தார்கள். பிறகு சட்டம் மருந்துச் சீசாக்களுக்கு நீண்டது; இருமலுக்கு மருந்து குடித்தவர்கள் பேதியில் விழுந்தார்கள். வடக்குத் தெருவில் காலரா வந்தபோது, எந்தக் கிணறு கெட்டது என்று கேட்டார்கள். வெளியிட்டால் கிணற்றின் நற்பெயருக்குக் களங்கம் என்று பதில் வந்தது. எல்லாக் கிணற்றிலும் குடித்தார்கள், செத்தார்கள்.

அரண்மனைச் சுவடிகளில் மட்டும் நட்சத்திரம் கிடையாது. வரி வாங்க வருகிறவனுக்கு உன் பெயர், உன் அப்பன் பெயர், உன் முதுகு மச்சம் வரை தெரியும்.

அங்காயியின் புருஷன் சடையன் அந்தக் குவாரியில்தான் கல் உடைத்தான். மழை விட்ட மறுநாள் குவாரி சரிந்தது. காவலர்கள் பிணங்களை அங்கேயே துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். பிழைத்தவர்களை அரசு வைத்தியசாலையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். நோயாளியின் அந்தரங்கம் கருதி யாருக்கும் அனுமதியில்லை. கோட்டை வாசலில் மட்டும் ஒரு பலகை வைத்தார்கள், இறந்தவர்களின் பெயர்களோடு. அதில் அங்காயி கண்டது: ச, அதன் பின்னால் மூன்று நட்சத்திரங்கள்.

அந்தப் பலகையின் முன் இன்னும் இரண்டு பெண்கள் அசையாமல் நின்றார்கள். ஒருத்தி சங்கிலியின் பெண்டாட்டி, மற்றவள் சப்பாணியின் பெண்டாட்டி. மூவரும் அந்த நட்சத்திரங்கள் மற்றவளுடையதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் கலைந்து போனார்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவனை ஊரறிய மூன்று முறை பெயர் சொல்லி அழைத்து, கோடித்துணி கொடுத்த பிறகுதான் வீட்டார் அழலாம். அதற்குமுன் அழுதால் உயிரோடிருப்பவனைச் சாகச் சொல்வதாகும். அங்காயி அழவில்லை. சோறு வடித்து, அவன் பங்கைத் தனியே மூடிவைத்தாள்.

தேர்தல் நெருங்கியது. வாக்களிக்க ஆள் வேண்டுமல்லவா, வைத்தியசாலையைத் திறந்துவிட்டார்கள். சங்கிலி நொண்டிக்கொண்டு வந்தான். சப்பாணி ஒரு கை இல்லாமல் வந்தான். சடையன் வரவில்லை.

அங்காயி திரைக் காவல் அதிகாரியிடம் போனாள். பெயர்களுக்குக் காவலாக இருப்பதுதான் அவர் வேலை. அவர் மேசைப் பலகையிலும் ஓர் எழுத்தும் நிறைய நட்சத்திரங்களும் இருந்தன.

"அது எம்புருசந்தானான்னு மட்டும் சொல்லிருங்க சாமி."

"அம்மணி, ஒருவர் இறந்தாரா இல்லையா என்பது அவருடைய மிக அந்தரங்கமான செய்தி. சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து சம்மதம் தந்தால் உடனே சொல்லிவிடுவோம்."

"செத்தவரு எப்படி வருவாரு?"

"அவர் இறந்துவிட்டார் என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்றார் அதிகாரி, கவலையோடு. "அது கசிந்திருந்தால் விசாரிக்க வேண்டும்."

அவள் பெயர்விளிச் சடங்குக்காவது அனுமதி கேட்டாள். அதிகாரி மனமிரங்கினார். சுடுகாட்டில் ச என்று சொல்லி, நட்சத்திரம், நட்சத்திரம், நட்சத்திரம் என்று அழைத்துக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை.

"நான் என்ன நட்சத்திரத்துக்கா கழுத்த நீட்டுனேன்?" என்று கேட்டுவிட்டு அங்காயி எழுந்து வந்தாள்.

தேர்தல் நடந்தது. எதிர்த்து நின்றவரின் பெயரை நட்சத்திரங்கள் காத்தன. மன்னர் மட்டும் தம் அந்தரங்கத்தைத் தியாகம் செய்து, முழுப்பெயரையும் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார். ஒருவர்கூட விடாமல் எல்லாரும் வாக்களித்ததாக அறிவித்தார்கள்.

வெற்றி விழாவில் வாக்களித்த ஆண்களுக்கு ஆளுக்கொரு புது வேட்டி, பெண்களுக்குச் சேலை. கொடை முழுதாக உரியவரைச் சேர வேண்டுமென்று மன்னர் ஆணையிட்டதால், அரண்மனைச் சுவடியையே வெளியே கொண்டுவந்திருந்தார்கள். முரசறைபவன் மேடையேறி, சுவடியில் இருந்ததை இருந்தபடியே வாசித்தான். வராதவர்களை, நீதிமன்ற வழக்கப்படி, மூன்று முறை அழைத்தான்.

"கல்லடித் தெரு, வேலப்பன் மகன், இடத்தோளில் தழும்பு, சடையன்!"

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அங்காயி மேடையை நிமிர்ந்து பார்த்தாள். அவன் வாக்களித்திருக்கிறான். மண்ணுக்குள் இருந்தபடியே மன்னருக்கு வாக்களித்திருக்கிறான். அவளுக்குத் தரமாட்டோம் என்ற பெயரைத் தங்களுக்கென்று எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள், தழும்போடு சேர்த்து.

"சடையன்!" என்றான் முரசறைபவன் இரண்டாவது முறை. "சடையன்!"

அவள் மேடைக்கு நடந்தாள். வாக்காளர் எங்கே என்று கேட்ட அதிகாரியின் கையிலிருந்து வேட்டியை வாங்கினாள். மடிப்பைப் பிரித்து, மன்னரின் காலடிக்கு நேர் கீழே, ஆள் நீளத்துக்குத் தரையில் விரித்தாள்.

"மூணு தடவ கூப்பிட்டாச்சு. கோடியும் வந்துருச்சு" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு உட்கார்ந்து, சடையன் பெயரை முழுதாகச் சொல்லி ஒப்பாரி வைத்தாள்.

மன்னர் அது என்ன சத்தம் என்று கேட்டார். மக்கள் நன்றி சொல்கிறார்கள் என்றார் அமைச்சர்.

முரசறைபவனுக்கு வாசிக்கச் சொன்னதைத் தவிர வேறு உத்தரவு இல்லை. அவன் அடுத்த பெயரை அழைத்தான், வடக்குத் தெருக்காரன் ஒருவனை. யாரும் வரவில்லை. மறுபடி அழைத்தான். மூன்றாம் முறை அழைத்தபோது கூட்டத்தின் நடுவிலிருந்து இன்னொரு பெண் எழுந்தாள்.