காந்த பாயும் மாப்பிள்ளை காரும்

எங்கள் தெருவில் காந்த பாய் இருந்தவரை எவனாலும் ஒரு பழைய காரை நிம்மதியாக விற்க முடிந்ததில்லை. திண்டுக்கல்லில் டிங்கர் பட்டறை வைத்திருந்தவர். சட்டைப்பையில் எப்போதும் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று இருக்கும். கண்ணில் பட்ட காரிலெல்லாம் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் தகடு. விழுந்தால், துருவை மறைக்கப் பூசிய பட்டி. விழுந்த செய்தியைத் தெருவுக்கே அறிவிப்பார்.

பல் டாக்டர் ஒருவர் பளபளவென்று பழைய பியட் வாங்கி வந்து பெருமையாகக் காட்டினார். காந்தம் நாலு பக்கமும் விழுந்தது.

"டாக்டரே, வண்டிக்கு முழுசா பல்செட்டு மாட்டி வித்துட்டாய்ங்க!"

டாக்டர் அந்தத் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

பாய் பலப்படுத்திய கார்களும் லேசுப்பட்டவை அல்ல. லாரித் தகட்டை வெட்டி அடியில் பற்றவைப்பார். கார் நகரவே யோசிக்கும். மைலேஜ் குறைந்துவிட்டதே என்றால், "மைலேஜ் வேணும்னா சைக்கிள் வாங்கு அப்பு" என்பார்.

என் தங்கை கல்யாணத்துக்குத் தொப்பம்பட்டிப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார், வீடியோவுக்காக ஒரு கிழட்டு அம்பாசடருக்குப் பெயின்ட் அடித்து, நிலக்கோட்டை மல்லிகையால் மூடிக் கொண்டுவந்தார்கள். அப்பா முன்கூட்டியே பாயிடம் கெஞ்சி, காந்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் செய்திருந்தார். ஸ்க்ரூடிரைவரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

பாய் பின்சீட்டு மிதியடியைத் தூக்கி ஒரு குத்து குத்தினார். ஸ்க்ரூடிரைவர் அடித்தகட்டைத் துளைத்துக்கொண்டு ரோட்டில் போய் விழுந்தது.

"ஏனுங்க, நல்ல நாளும் அதுவுமா வண்டியக் குத்தறீங்களே!" என்று மாப்பிள்ளையின் அப்பா பாய்ந்தார்.

"பொண்ணு இதுல கால ஊண்டுனா, ஊரு வரைக்கும் நடந்துதான் வரணும் சம்பந்தி."

"இந்த ஆளு மன்னிப்புக் கேக்கோணும். இல்லீனா நாங்க கெளம்பறோமுங்க!"

தாலி கட்ட இன்னும் செத்த நேரம்தான் இருந்தது. அப்பா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. எனக்குப் பாயின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

பாய் மன்னிப்புக் கேட்டார். மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "அம்பாசடர் அடித்தளம் அப்பளமா இருக்குனு சொன்னது என் தப்புதேன்!"

அதைவிட அவர் கேட்காமலே இருந்திருக்கலாம். பந்தியில் இருந்தவர்கள்கூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். வெட்கம் தாங்காமல் மாப்பிள்ளையின் அப்பா சாவியைப் பாயிடம் கொடுத்தார்.

கெட்டிமேளம் கொட்டியபோது பட்டறையில் சுத்தியல் சத்தம். கார் திரும்பியபோது மல்லிகை பாதி கருகியிருந்தது, வீடியோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பாய்க்கு மிஞ்சியது ரசமும் அப்பளமும்தான்.

ஜாதகம், சம்பளம், சொத்து என்று நாங்கள் எல்லோரும் எவ்வளவோ விசாரித்தோம். என் தங்கை கால் வைக்கப்போகும் இடத்தை விசாரித்தது அந்த மனுஷர் ஒருவர்தான்.