நிழலில் காய வேண்டிய இலை

சோம்பேறி மருமகளால் ஒரு குடும்பம் கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சுறுசுறுப்பான மருமகளால் கெட்டது தெரியும். அவள் நான்தான்.

யுத்த காலம். தூத்துக்குடி உப்பளத்துக் கங்காணி மகளான எனக்கு, சாத்தான்குளம் பக்கம் கல்யாணமாகி ஆறு மாதம். புகுந்த வீட்டில் நிலாவரைச் செடி பயிர். (அதன் இலை கப்பலேறிப் போய்ச் சீமைத் துரைமார்களின் மலச்சிக்கலைத் தீர்க்கும். கௌரவமான தொழில்தான்.) மஞ்சள் பூ கண்ணைப் பறிக்கும். ஆனால் பூக்க விட்டால் இலை குறையும் என்று மொட்டிலேயே கிள்ளிவிடுவார்கள். நாத்தனார் செல்லக்கனி, கை தப்பி மலர்ந்த பூவை என் கொண்டையில் செருகி, “மதினி, ஒனக்கு நல்லாருக்கு” என்பாள். அந்த வீட்டில் எனக்கு இருந்த ஒரே துணை அவள்.

யுத்தத்தில் கப்பல் வருவதே அபூர்வம். அந்த மாதம் ஒன்று வருவதாகச் சொன்னார்கள். இலை அதில் ஏறினால்தான் செல்லக்கனிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் நாளும் முடிவாகியிருந்தது.

உருவிய இலையை ஓலைக் கொட்டகைக்குள் பரப்பிவிட்டு, எல்லாரும் பக்கத்து ஊரில் ஒரு சாவுக்குத் துட்டி கேட்கப் போனார்கள். “ஏளா, இலையப் பாத்துக்கோ” என்றார் அத்தை.

பார்த்தேன். உள்ளே இலை நிழலில் கிடக்கிறது. வெளியே இவ்வளவு வெயில் வீணாகிறது. வெயிலையே நம்பிப் பிழைத்த உப்பளத்துப் பெண்ணுக்கு மனசு கேட்குமா? பெட்டி பெட்டியாகச் சுமந்து முற்றத்தில் கொட்டினேன். நாலு தடவை கிளறியும் விட்டேன்.

அவர்கள் திரும்பியபோது, பாராட்டுக்காக வாசலிலேயே நின்றேன். (தலையில் பூ வேறு.) இலையில் பச்சை போய், புகையிலை நிறம் வந்திருந்தது. மாமா ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார்.

“நெழல்ல காயுத இலைளா இது!” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

இலை வாங்க வந்த தரகர், “அண்ணாச்சி, இது கப்பல் ஏறாது” என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த அறுவடை வரை காத்திருக்கவில்லை.

நான் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் செல்லக்கனி கஞ்சியோடு வந்தாள். “மதினி, நீ குடிக்கியா, இல்ல இதயும் வெயில்ல வைக்கட்டா?” என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன். அவள் கண்ணும் வீங்கித்தான் இருந்தது.

மூன்று வருஷம் கழித்து, ரெண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்கு அவளை இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். அன்று முழுக்க நான் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு நாளாவது அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவளோ கொடியில் துணி காய்ந்தாலும், “மதினி வாரா, எல்லாத்தையும் உள்ள எடுங்க” என்று கூவிச் சிரிக்க வைப்பாள். வீடே அதைப் பிடித்துக்கொண்டது.

போன வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். குளிப்பாட்டி முற்றத்தில் கிடத்தினார்கள். முகத்தில் வெயில் விழுந்தது. என்னை அறியாமல் கத்திவிட்டேன்:

“ஏலே, வெயில்ல வைக்காதீய! நெழலுக்குக் கொண்டாங்க!”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவள் வளர்த்த அந்த ரெண்டு பிள்ளைகளில் மூத்தவன்தான் முதலில் சிரித்தான். சிரித்தவன் அப்படியே என் தோளில் விழுந்து அழுதான். இப்போது வீட்டில் அதையும் சேர்த்தே சொல்கிறார்கள்.