குலுக்கிக்குக் காவல்

இனிச் சனிக்கிழமைகளில் சுண்டுவிரலைக்கூட அசைப்பதில்லை என்று டெல்மர் தீர்மானம் எடுத்தான். வாரம் முழுக்க மலையிலிருந்து மரலாரி ஓட்டி இறங்குகிறவன். அவன் முதுகு வெள்ளிக்கிழமையே போய்ப் படுத்துவிடும். மிச்ச உடம்பு மறுநாள் போய் அதோடு சேர்ந்துகொள்ள வேண்டும். குறுக்கே நின்றவள் ஒருத்திதான், அவன் மனைவி வெர்னா. பனி விழுவதற்குள் குதிரை லாயத்துக்குப் பெயிண்ட் அடித்தாக வேண்டும் என்பது அவள் கட்சி. சிவப்புப் பெயிண்ட் டப்பாக்கள் வசந்தத்திலிருந்து வாசலில் உட்கார்ந்து அவனை முறைத்துக்கொண்டிருந்தன.

அமெரிக்காவின் மொன்டானா மலைப்பக்கத்தில் எந்தப் பெண்டாட்டியும் தட்டிக்கேட்க முடியாத வேலை ஒன்று உண்டு. வேட்டைக்கான ஏற்பாடு. டெல்மர் அதைப் பிடித்துக்கொண்டான்.

"கூடு சுத்தமில்லன்னா தோட்டா இல்ல. தோட்டா இல்லன்னா மான் இல்ல. மான் இல்லன்னா குளிர்காலம் பூரா பீன்ஸுதான். உனக்கு எப்படி வசதி?"

சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக்கூடுகளைக் கரி போகத் துலக்கி, மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். துலக்குவதற்கு அவன் கராஜில் வாளி மாதிரி ஓர் எந்திரம் இருந்தது. குலுக்கி என்று பெயர். பல்லி வளர்ப்பவர்கள் கூண்டில் பரப்புகிற வால்நட் ஓட்டுப் பொடியை அதில் கொட்டி, கூடுகளைப் போட்டு ஸ்விட்சைத் தட்டினால், கரண்டி மூட்டை ஏற்றிய வண்டி கல்பாதையில் போவது போல மணிக்கணக்காக இரையும். கரியைப் பிடிக்க, வெர்னா துணி உலர்த்தும் எந்திரத்தில் மணத்துக்காகப் போட்டு எடுத்த வாசனைத் துணியைக் கிழித்து உள்ளே போடுவான். போகும்போது வெள்ளையாகப் போகும். வரும்போது அடுப்புச் சட்டி துடைத்தது போல வரும்.

"எந்திரம் தானாத்தானே ஓடுது, நீ எதுக்கு உள்ள?" என்று வெர்னா கேட்டாள்.

"பக்கத்துல ஆள் இல்லன்னா கூடு நெளிஞ்சுபோகும்."

உலகம் உண்டான நாள் முதல் எந்தக் கூடும் அப்படி நெளிந்ததில்லை. வெர்னா துணி மடிக்கப் போய்விட்டாள்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் கராஜ் கதவு சாத்தியிருக்கும். உள்ளே குலுக்கி இரையும். பழைய சாய்வு நாற்காலியில் டெல்மர் அதற்கு மேல் குறட்டையில் இரைவான். அழுக்குக் கூடுகளைப் பொறுக்கிப் போடக்கூட அலுப்பு. போன வாரம் துலக்கிய அதே ஒரு டப்பா கூடுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். மினுமினுப்பு எங்கே போய் நின்றது என்றால், ஜன்னல் வழியாக வெயில் பட்ட ஒரு நாள் பக்கத்துப் பண்ணைச் சேவல் விடிந்துவிட்டதென்று இரண்டாம் தரம் கூவிவிட்டது. நம்பாதவர்கள் சேவலைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இலை பழுக்கும் காலத்தில் ஒரு சனிக்கிழமை, தலையணையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு கராஜுக்குப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். சுவரோரமாக வாளிகள், மூட்டைகள். எல்லாவற்றின் வாயிலும் கரி பிடித்த தோட்டாக்கூடுகள்.

"என்ன வெர்னா இது?"

"சர்ச்சுல உன்னைப் பத்திப் பெருமையா நாலு வார்த்தை சொன்னேன். டெல்மர் மாதிரி கூடு துலக்க இந்தப் பள்ளத்தாக்குல ஆளே கிடையாதுன்னு. நீ லாரியில போயிருந்தப்ப ஆளாளுக்குக் கொண்டாந்து வச்சுட்டாங்க."

"இந்த மூட்டையெல்லாம்?"

"அது ஓப்பல் கிழவியோடது. போய்ச்சேர்ந்த அவ வீட்டுக்காரர் ஆயுசு பூரா சுட்டது. ஒவ்வொண்ணா அளவு பார்த்துப் பிரிச்சுத் துலக்கணுமாம். கண் கலங்கிக் கேட்டா, பாவம்."

டெல்மரின் முதுகு அங்கேயே உட்காரப் பார்த்தது. இதை முடிப்பதற்குள் வெர்னாவும் கிழவியாகி, போய்ச்சேர்ந்த தனக்காகக் கண் கலங்க வேண்டி வரும். மூளை, ஓய்வு கெட்ட கோபத்தில், அவசரமாக ஒரு கணக்குப் போட்டது. பெயிண்ட் என்றால் ஒரு சுவரோடு ஒரு நாள் முடியும்.

"வெர்னா, இன்னிக்கு நான் லாயத்துக்குப் பெயிண்ட் அடிச்சுடறேனே."

"லாயம் எங்க ஓடிப்போகுது? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"பனி வந்துடும். பலகை உளுத்துப்போகும்."

"அப்ப கூடு?"

அவன் கெஞ்சினான். டப்பாவை ஒரு கையிலும் தூரிகையை மறு கையிலும் தூக்கிக் காட்டிக் கெஞ்சினான். வெர்னா வெகுநேரம் யோசித்து, பெருமூச்சு விட்டு, "சரி, உனக்காக நானே உள்ள உக்காந்து பார்த்துக்கறேன்" என்றாள். தப்பித்தோம் என்று ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு டெல்மர் ஓடினான்.

மதியம் கழிந்தது. ஏணி உச்சியில் அவன் பாதி ஆள், பாதி பெயிண்ட். கழுத்து தனி வலி, கை தனி வலி. கராஜிலிருந்து குலுக்கியின் இரைச்சல் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. பாவம், புழுதியில் கிடந்து மாய்கிறாளே என்று மனசு இளகி, அவளுக்கு ஒரு காபி போட்டு எடுத்துக்கொண்டு போனான்.

சாய்வு நாற்காலியில் வெர்னா. தலைக்குக் கீழே அவன் தலையணை. கண் மூடியிருந்தது. டெல்மர் காபியை வைக்க இடம் தேடி ஓப்பலின் மூட்டையைக் கொஞ்சம் நகர்த்தினான். அது சரிந்தது. மேலாக ரெண்டு பிடி தோட்டாக்கூடு. அதற்குக் கீழே முழுக்கக் கோழித்தீவனம். பக்கத்து வாளியில் கையை விட்டால் அங்கேயும் அதேதான். மேலே கிடந்த கூடுகளும், உற்றுப் பார்த்தால், அவனே பெஞ்சுக்கடியில் துலக்காமல் போட்டுவைத்தவை. மெல்லக் குலுக்கியின் மூடியைத் தூக்கினான். உள்ளே அவனுடைய பழைய மினுமினுப்புக் கூடுகள் சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில் வாசனைத் துணி, போட்ட வெள்ளை மாறாமல்.

"நீ ஓட்டினப்பவும் அந்தத் துணி இப்படித்தான் வெள்ளையாவே குப்பைக்கு வந்துச்சு" என்றாள் வெர்னா, கண்ணைத் திறக்காமல். "மூடியை மூடு, டெல்மர். பக்கத்துல ஆள் இருக்கேன், கூடு நெளியாது. நீ போய்த் தெக்குச் சுவருக்கு ரெண்டாவது கை அடி."