சம்பலுக்கு வந்த விலாசம்

பதுளை மாவட்டத்தின் முன்னேற்றத்துக்குப் பெருந்தடையாக இருப்பது, எந்த வைனோடு எதைத் தின்பது என்று மக்களுக்குத் தெரியாததே என உபசரிப்பு மேம்பாட்டு உபகுழு ஏகமனதாகத் தீர்மானித்தது. நமுனுகுலப் பக்கம் பாதை சரிந்து கிடந்தது உபகுழுவுக்குத் தெரியாமலில்லை. ஆனால் பாதை வேறு திணைக்களம்.

ஆகவே ஸ்பிரிங்வெளிக்கு மேலே, ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை இருந்து இப்போது ஹோட்டலாகிவிட்ட பங்களாவில் சுவைச் சோதனைக் கூட்டம் கூடியது. பிரான்ஸிலிருந்து வந்த போத்தல்கள் கழுத்துவரை ஐஸில் குளித்துக்கொண்டிருந்தன. இந்த வைனுக்கு உப்பும் பொரியலும் பொருந்தும் என்று கூடவந்த தாள் சொன்னது. ஊர்ச் சாப்பாட்டில் உப்பானது எது என்று விசாரித்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டிலிருந்தே அற்புதமலரைக் கூட்டிவந்துவிட்டார்கள். கொழுந்து பறிக்கிறவள்தான். ஆனால் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அவள் விற்கும் தேங்காய் ரொட்டிக்கும், மிளகாயும் உப்பும் வைத்து அரைத்த கட்டைச் சம்பலுக்கும் அந்தப் பக்கமெல்லாம் நல்ல பெயர்.

அவளுக்கு வைனைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் மகள் ரொஷானியைப் பற்றி. தாதிப் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக்கு வரச்சொல்லி அவளுக்கு வந்த கடிதம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு விலாசம் இல்லாத பாவத்தால் தோட்டத்து ஆபீஸில் தூங்கி, பரீட்சை முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. பிள்ளை இரண்டாந்தடவை விண்ணப்பித்திருக்கிறாள். பெரிய மனிதர்கள் கூடுகிற இடத்தில் கதவுக்கு ஒரு நம்பர் கேட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் அற்புதமலர் பங்களா அம்மியில் மிளகாயை வைத்து அரைத்தாள்.

உபகுழுச் செயலாளர் லிங்கம் ஒரு வாய் குடித்தார். ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் போட்டார். நுரையும் உறைப்பும் சந்தித்த இடத்தில் அவர் கைக்குட்டையைத் தேடினார்.

"கண்ணுல தண்ணி வருதே தம்பி."

"அதுதாங்க பொருத்தம்," என்றான் பிரவீனன். கொழும்பில் வைன் படித்துவிட்டு வந்திருந்த ஆலோசகன். "வைன் பேசுது."

மற்ற அங்கத்தவர்களும் அழுதார்கள். அழாதவருக்கு நாக்கு சரியில்லை என்று ஆகிவிடும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே அழுதார்கள்.

"நல்ல ஷாம்பெயின்," என்றார் லிங்கம், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

பிரவீனன் பதறிப்போனான். "ஐயா, அப்படிச் சொல்லிறாதீங்க. ஷாம்பெயின்ங்கிற ஊர்ப் பக்கம் செஞ்சாத்தான் ஷாம்பெயின். இது அல்சாஸ்ல செஞ்சது. செய்முறை ஒண்ணுதான், ஆனா பேரு கிரெமான். பொறந்த ஊரு எழுதாம போத்தல் வெளியவே வராது. சட்டம்."

தட்டோடு நின்ற அற்புதமலருக்கு இதுதான் நேரம் என்று பட்டது. "சாராயத்துக்கே ஊரு பேரு எழுதுறாங்களே, எங்க லயத்துக் கதவுக்கும் ஒரு நம்பர் எழுதிக் குடுங்க ஐயா. எம்மக லெட்டர் வந்து சேரும்."

லிங்கத்தின் கண் இன்னும் கலங்கியது. சம்பல் காரணமாகவும் இருக்கலாம். அங்கேயே தீர்மானம் பிறந்தது: ஷாம்பெயினுக்கு உள்ள மரியாதை கட்டைச் சம்பலுக்கும் உரித்தாகும், 'ஊவா கட்டைச் சம்பல்' என்ற பெயர் அது பிறந்த இடத்துக்கே சொந்தம், மேற்படி இடத்துக்கு விலாசம் இன்றியமையாதது.

"ஒன் கதவுக்கு நம்பர் வந்த மாதிரிதாம்மா," என்றார்.

அன்று மலை இறங்கும்போது அற்புதமலருக்கு முழங்கால் வலி தெரியவில்லை.

அளவு நாடாவோடு அதிகாரிகள் லயத்துக்கு வந்தார்கள். கதவை அளந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. லயம் தோட்டக் கம்பனிக்குச் சொந்தம். காணி உறுதிப் பத்திரம் இல்லாத கதவுக்கு நம்பர் கொடுக்க முடியாது. நம்பர் இல்லாத கதவுக்குள் பிறந்தது எதுவானாலும் பிறந்ததாகக் கொள்ள முடியாது. அற்புதமலரும் அந்தக் கதவுக்குள்தான் பிறந்தாள். அதை யாரும் விசாரிக்கவில்லை.

அநாதையாக நின்ற சம்பலைப் பிரவீனன்தான் காப்பாற்றினான். அன்றைக்கு அரைத்தது பங்களா அம்மியில் அல்லவா? பங்களாவுக்கு நம்பர் உண்டே. 'ஊவா கட்டைச் சம்பல் பிறந்த இடம்' என்று பங்களா வாசலில் பித்தளைப் பலகை ஏறியது. தங்கத்தாள் சுற்றிய சம்பல் போத்தல் பதுளைக் கடைகளுக்கு வந்தது. கிரெமானோடு ஒத்துப்போவதற்காக மிளகாயைக் குறைத்துச் சீனி சேர்த்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அந்தோனிமுத்துவே, நத்தார்ப் பண்டிகைக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று ஒன்று வாங்கிவந்தார்.

"ஒன்னோடதுதான் ருசி தங்கச்சி. ஆனா இதுல விலாசம் இருக்கு," என்றார்.

ஒருநாள் சாயங்காலம் லிங்கமே வந்து அற்புதமலரின் கதவைத் தட்டினார். லயத்தில் அரைப்பதை இனிமேல் கட்டைச் சம்பல் என்று சொல்லி விற்கக்கூடாது, 'கட்டைச் சம்பல் முறையில் அரைத்த உறைப்பு' என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம் என்ற அறிவித்தலை நேரில் கையளித்தார்.

"நம்பர் இல்லாத வீட்ட எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"அதுக்கென்னம்மா. கீழ கேட்டேன். அற்புதமலர் வீடுன்னா எல்லாருக்கும் தெரியுது."

தடையுத்தரவுக்கு வழி தெரிகிறது, பிள்ளையின் கடிதத்துக்கு மட்டும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

லிங்கம் போகவில்லை. அடுப்படிப் பக்கம் மூக்கைத் திருப்பியபடி நின்றார். "அந்தப் போத்தல் சம்பலை வாயில வைக்க முடியலம்மா. வார கெழம எங்க வீட்டுல விருந்து. ஒன் கையால அரைச்சு ஒரு போத்தல் அனுப்பி வைக்கிறியா?"

"விலாசம் சொல்லுங்க ஐயா."

வீட்டு நம்பர், ஒழுங்கை, வீதி, பதுளை என்று அவர் வரிசையாக ஒப்பித்தார்.

"நல்ல விலாசங்க. நாளைக்கே தோட்டத்து ஆபீஸுல குடுத்து வச்சிர்றேன். அவங்க அனுப்பிருவாங்க."

லிங்கத்தின் முகம் விழுந்துவிட்டது. "ஆபீஸுலயா? அங்க குடுத்தா எப்பம்மா வந்து சேரும்?"

"விருந்து முடிஞ்சதும் வந்துருங்க," என்றாள் அற்புதமலர்.